ஊழியர் நலம் காத்த உத்தமர் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்)

ஒருவருக்குக் கீழே நால்வர் வேலை செய்கிறார்கள் என்றால், அந்த நால்வரும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆவர். பணத்தை அமானிதம் என்கிறோம். நகையை அமானிதம் என்கிறோம். ஆட்களை அமானிதமாக எண்ணுவோர் நம்மில் எத்தனை பேர்? கடை நடத்துபவருக்குக் கணக்கப்பிள்ளையும் கடைப் பையன்களும் இருக்கிறார்கள். மண்டி வைத்திருப்பவருக்கு மூட்டை தூக்குவோர் இருக்கிறார்கள். பள்ளிவாசல் முத்தவல்லியின் பொறுப்பில் இமாமும் மோதினாரும் இருக்கிறார்கள். வீட்டு எஜமானிக்கும் ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். இவர்கள் அனைவரைப் பற்றியும் நாளை மஹ்ஷரில் நாம் விசாரிக்கப்படுவோம் என்பதை மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

ஆட்களை வைத்து வேலை வாங்குவது ஒரு கலை என்று இன்று பலரும் சொல்கிறார்கள். அதற்கெனப் பள்ளிகளும் பயிற்சிகளும் நடக்கின்றன. அந்தக் கலையை ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரரசின் அளவில் நடத்திக் காட்டிய ஒருவரின் வாழ்வை இங்கே பார்ப்போம். சிந்து முதல் ஸ்பெயின் வரை பரந்து கிடந்த ஆட்சியில் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அவர்களுக்குக் கீழே வேலை செய்தார்கள். அவர்கள் ஆண்டதோ ஏறக்குறைய இரண்டு வருடம் ஐந்து மாதம்தான். அவர்கள்தாம் ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்).

பிறப்பும் வளர்ப்பும்

இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவின் தெருக்களில் நகர்வலம் வந்தபோது நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் ஒரு சம்பவத்தைக் கூறுவர். ஒரு வீட்டில் தாய், பாலில் தண்ணீர் கலக்கும்படி மகளிடம் சொன்னாள். கலீபா அதைத் தடை செய்திருப்பதை மகள் நினைவூட்டினாள். கலீபா இங்கே வந்து பார்க்கப் போகிறாரா என்று தாய் கேட்டாள். கலீபா பார்க்காவிட்டாலும் கலீபாவின் இறைவன் பார்த்துக் கொண்டிருக்கிறானே என்று மகள் மறுத்துவிட்டாள். எஜமான் கண் முன்னே இல்லாத நேரத்திலும் நேர்மை தவறாத அந்தப் பெண்ணைக் கலீபா தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். அந்தத் தம்பதியின் மகள் உம்மு ஆஸிம். அவருடைய மகன்தான் நம் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்).

தந்தை அப்துல் அஜீஸ் பின் மர்வான், உமையா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். சுமார் 20 ஆண்டுகள் எகிப்தின் ஆளுநராக இருந்தவர். மகனை மதீனாவுக்கு அனுப்பி, ஸாலிஹ் பின் கைஸான் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைத்தார். ஒரு நாள் சிறுவர் உமர் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். தலை வாரிக் கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது என்று காரணம் சொன்னார். ஆசிரியர் எகிப்துக்குக் கடிதம் எழுதினார். தந்தையோ உடனே ஆள் அனுப்பி மகனின் தலைமுடியை மழிக்கச் செய்தார். ஆளுநரின் மகன் என்பதற்காக ஆசிரியரும் சலுகை காட்டவில்லை, தந்தையும் காட்டவில்லை.

இருந்தும் இளமையில் அவர்கள் செல்வச் செழிப்பில்தான் வாழ்ந்தார்கள். விலை உயர்ந்த பட்டாடை, தூரத்திலேயே மணக்கும் அத்தர், எல்லாரும் திரும்பிப் பார்க்கும் நடை. கலீபா அப்துல் மலிக்கின் மகள் பாத்திமாவை மணந்தார்கள். கஷ்டம் அறியாதவர் ஊழியரின் கஷ்டத்தை அறிய முடியுமா என்று நமக்குத் தோன்றலாம். அதற்கான பாடம் பிற்பாடுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

மதீனாவின் ஆளுநர்

ஹிஜ்ரி 87, அதாவது கி.பி. 706-ல் கலீபா வலீத் அவர்களை மதீனாவின் ஆளுநராக நியமித்தார். அப்போது அவர்களுக்கு வயது சுமார் 25. முன்னர் அங்கு ஆளுநராக இருந்தவரின் கடுமையால் மக்கள் மனம் நொந்திருந்த நேரம் அது.

புதிய அதிகாரி ஓர் ஊருக்கு வந்தால் முதலில் என்ன செய்வார்? தம் அதிகாரத்தைக் காட்ட இரண்டொருவரை வேலையை விட்டு நீக்குவார். பழைய ஆட்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார். உமர் (ரஹ்) அவர்கள் அப்படிச் செய்யவில்லை. லுஹர் தொழுததும் மதீனாவின் மார்க்க மேதைகள் பத்துப் பேரை அழைத்து வரச் செய்தார்கள். உர்வா பின் ஸுபைர், காஸிம் பின் முஹம்மத், ஸாலிம் பின் அப்துல்லாஹ், ஸுலைமான் பின் யஸார், காரிஜா பின் ஸைத் முதலான பெரியோர்கள் அந்தப் பதின்மரில் அடங்குவர். அவர்களுடைய ஆலோசனை இல்லாமல் எந்தக் காரியத்தையும் தாம் முடிவு செய்யப் போவதில்லை என்றார்கள் புதிய ஆளுநர். தமக்குக் கீழே வேலை செய்யும் எவரேனும் ஒருவர் மக்களுக்கு அநீதி செய்வதை அவர்கள் கண்டாலோ கேட்டாலோ தமக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டார்கள். வந்தவர்கள் அவர்களுக்காக துஆச் செய்தவாறு கலைந்து சென்றார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆலோசனை கேட்பவர் பலர். தம்முடைய ஆட்களைப் பற்றிய புகாரைக் கேட்க முன்வருபவர் சிலரே. தலைவருக்கு நல்ல செய்தி மட்டுமே வந்து சேரும்படி சுற்றியிருப்போர் பார்த்துக் கொள்வது எல்லாக் காலத்திலும் உள்ள வழக்கம். அந்த வழக்கத்தை அவர்கள் முதல் நாளிலேயே உடைத்தார்கள்.

அக்காலத்தில்தான் கலீபாவின் கட்டளைப்படி மஸ்ஜிதுந் நபவீ விரிவாக்கிக் கட்டப்பட்டது. மக்கா, தாயிப் ஆகிய ஊர்களின் நிர்வாகமும் அவர்களுடைய பொறுப்பில் வந்தது. ஈராக்கில் ஹஜ்ஜாஜின் கொடுமைக்குத் தப்பி ஓடி வந்தவர்களுக்கு ஹிஜாஸ் பூமி புகலிடமாயிற்று.

ஆறாத புண்

ஆயினும் இந்த ஆளுநர் பதவிக் காலத்தில்தான் அவர்கள் ஆயுள் முழுதும் மறக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது. அதை மறைக்காமல் நம் முன்னோர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாமும் மறைக்க வேண்டியதில்லை.

அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைப், மதீனாவில் வாழ்ந்த ஓர் இறையச்சமுள்ள பெரியார். ஆட்சிக் குடும்பத்துக்கு எதிரான செய்தி ஒன்றை அவர் சொன்னதாகக் கலீபா வலீதுக்குத் தகவல் போயிற்று. அவருக்குக் கசையடி கொடுக்கும்படியும், குளிர்ந்த நீரை அவர் மேல் ஊற்றும்படியும் தலைநகரிலிருந்து கட்டளை வந்தது. ஆளுநர் அந்தக் கட்டளையை நிறைவேற்றினார்கள். கடுங்குளிர் நாளில் அடியும் பட்டு, நீரும் ஊற்றப்பட்டு நிறுத்தப்பட்ட அந்தப் பெரியார் இறந்து போனார்.

மேலிடத்தின் உத்தரவு, நான் என்ன செய்வேன்? இது ஊழியம் செய்வோர் எல்லாருடைய வாயிலும் எளிதில் வந்துவிடும் சமாதானம். உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) இந்தச் சமாதானத்தைச் சொல்லியிருக்கலாம். உலகம் அதை ஏற்றுக் கொண்டிருக்கும். அவர்கள் சொல்லவில்லை. செய்தி கேட்டதும் நிலைகுலைந்து போனார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய நற்செயலை யாராவது புகழ்ந்து, மறுமையின் நற்பேற்றைப் பற்றிச் சொன்னால், வழியிலே குபைப் நின்று கொண்டிருக்கும்போது தாம் எப்படிக் கடந்து செல்வது என்று கலங்குவார்கள்.

கட்டளையிட்டவர் வேறொருவர்; ஆனால் கை நம்முடையது. இந்தக் கைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த உண்மையைத் தம் வாழ்வின் பெருந்துயரத்திலிருந்து கற்றுக் கொண்டவர்கள்தாம், பின்னால் கலீபாவாகி இலட்சோப லட்சம் மக்களுக்குக் கட்டளையிடும் இடத்துக்கு வந்தார்கள். அவர்கள் இட்ட ஒவ்வொரு கட்டளையிலும் அந்தப் பழைய புண்ணின் வலி தெரிகிறது.

ஹிஜ்ரி 93-ல் ஹஜ்ஜாஜின் புகாரை ஏற்று வலீத் அவர்களை ஆளுநர் பதவியிலிருந்து நீக்கினார்.

கேளாமல் வந்த பதவி

கலீபா ஸுலைமான் ஹிஜ்ரி 99, ஸபர் மாதத்தில் (கி.பி. 717) வட சிரியாவின் தாபிக் என்னும் இடத்தில் நோயுற்றார். ரஜா பின் ஹைவா என்ற அறிஞரின் யோசனைப்படி தமக்குப் பின் உமர் பின் அப்துல் அஜீஸையே கலீபாவாக எழுதி முத்திரையிட்டு வைத்தார். ஸுலைமான் இறந்தபின் அந்தக் கடிதம் பள்ளிவாசலில் வாசிக்கப்பட்டது. தம் பெயரைக் கேட்ட உமர் (ரஹ்) மகிழவில்லை, திடுக்கிட்டார்கள். தம்மையும் கேட்காமல், மக்களையும் கேட்காமல் இந்தச் சுமை தம் மீது வைக்கப்பட்டுவிட்டது என்றும், மக்கள் தாங்கள் விரும்பியவரைத் தேர்ந்து கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். மக்கள் ஒரே குரலாக அவர்களையே வேண்டினார்கள்.

அரச ஊர்வலத்துக்கான குதிரைகள் கொண்டு வரப்பட்டன. அவற்றை விற்றுப் பைத்துல் மாலில் சேர்க்கச் சொல்லிவிட்டுத் தம்முடைய கோவேறு கழுதையில் ஏறிச் சென்றார்கள். தம் சொந்த நிலங்களில் நியாயமாக வந்தவை அல்ல என்று பட்டவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனைவி பாத்திமாவிடம் அவருடைய தந்தை கொடுத்த விலைமதிப்பற்ற நகை இருந்தது. நகையா, தாமா என்று தேர்ந்து கொள்ளும்படி கூறினார்கள். அந்த உத்தமி நகையைப் பைத்துல் மாலுக்கு அனுப்பிவிட்டார். பிறரிடம் சிக்கனத்தையும் நேர்மையையும் எதிர்பார்ப்பதற்கு முன்னால் அவற்றைத் தம் வீட்டிலிருந்து தொடங்கினார்கள்.

போதிய சம்பளம்

தம் அதிகாரிகளுக்கு அவர்கள் தாராளமாகச் சம்பளம் கொடுத்தார்கள். ஒருவருக்கு மாதம் 100 தீனார், 200 தீனார் என்று கொடுத்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. வீட்டுக் கவலை தீர்ந்திருந்தால்தான் அவர்கள் மக்களுடைய வேலையில் முழு மனத்தோடு ஈடுபடுவார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். ஊழியர்களுக்கு இவ்வளவு கொடுப்பவர் தம் குடும்பத்துக்கு ஏன் அப்படிச் செலவழிப்பதில்லை என்று கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்குரிய உரிமையைத் தாம் தடுக்கவும் இல்லை, பிறருடைய உரிமையை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டோம் என்பதே அவர்கள் தந்த பதில்.

சிந்தித்துப் பாருங்கள். வயிற்றுக்குப் போதாத கூலியைக் கொடுத்துவிட்டு, கல்லாவில் கை வைக்கிறான் என்று ஏசுகிறோம். களவு ஹராம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதனைக் களவின் வாசல் வரை நெருக்கித் தள்ளியவரையும் அல்லாஹ் பார்த்துக் கொண்டிருக்கிறான் அல்லவா?

சம்பளத்தை உயர்த்திய கையோடு கண்டிப்பையும் உயர்த்தினார்கள். அதிகாரிகள் தங்கள் ஆட்சிப் பகுதியில் வியாபாரம் செய்யக் கூடாது என்று தடுத்தார்கள். அதிகாரி கடை போட்டால் அவரோடு போட்டியிடும் ஏழை வியாபாரிக்கு என்ன நியாயம் கிடைக்கும்? அன்பளிப்பு வாங்குவதையும் மறுத்தார்கள். ஒரு முறை ஆப்பிள் சாப்பிட ஆசைப்பட்டார்கள். உறவினர் ஒருவர் கேள்விப்பட்டு அனுப்பி வைத்தார். அதன் மணத்தையும் அழகையும் பாராட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்றிருக்கிறார்களே என்று ஒருவர் கேட்டபோது, அவர்களுக்கு அது அன்பளிப்பாக இருந்தது, பதவியில் இருக்கும் நமக்கோ அது லஞ்சம் என்று விளக்கினார்கள்.

மதீனாவின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த அபூபக்கர் பின் ஹஸ்ம், எழுதுவதற்கு அதிகத் தாளும், இரவில் நடந்து செல்ல மெழுகுவத்திச் செலவும் கேட்டு எழுதினார். பேனாவைக் கூர்மையாக்கிக் கொண்டு, எழுத்தைச் சிறிதாக்கி, பல செய்திகளை ஒரே தாளில் எழுதும்படி பதில் போயிற்று. பதவிக்கு வருமுன் இருட்டில் மெழுகுவத்தி இல்லாமல் அவர் நடந்து சென்றதையும் கலீபா நினைவூட்டினார்கள். மனிதருக்குக் கொடுப்பதில் தாராளம். பொதுப் பணத்தை வீணாக்குவதில் கடுமை. இந்த இரண்டையும் நாம் பல நேரங்களில் தலைகீழாகச் செய்கிறோம்.

அதே அபூபக்கர் பின் ஹஸ்மிடம்தான் ஒரு மாபெரும் பணியையும் ஒப்படைத்தார்கள். ஆலிம்கள் மறைந்து கல்வியும் மறைந்துவிடுமே என்ற அச்சத்தால், நபிமொழிகளைத் தேடி எழுதி வைக்கும்படி கட்டளையிட்டார்கள். இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலின் கல்விப் பகுதியில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாளைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கச் சொன்னவருக்கு, எதை எழுதினால் சமுதாயம் வாழும் என்பதும் தெரிந்திருந்தது.

பேசாமல் இருந்தவர்

குராஸானின் ஆளுநர் ஜர்ராஹ் பின் அப்துல்லாஹ் ஒரு முறை மூவரைத் தூதுக் குழுவாகக் கலீபாவிடம் அனுப்பினார். இருவர் அரபிகள், ஒருவர் அரபி அல்லாத மவாலி வகுப்பைச் சேர்ந்தவர். அரபிகள் இருவரும் பேசினார்கள். மூன்றாமவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கலீபாவின் பார்வை பேசியவர்களை விட்டுப் பேசாதவர் மேல் விழுந்தது. அவரும் குழுவில் ஒருவர்தானே, ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள்.

அவர் அப்போதுதான் மனம் திறந்தார். மவாலிகளில் 20,000 பேர் சம்பளமும் உணவுப் படியும் இல்லாமல் படையில் போரிடுவதைச் சொன்னார். ஏறத்தாழ அதே அளவினர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் அவர்களிடம் வரி வாங்கப்படுவதைச் சொன்னார். ஆளுநரின் இனப்பற்றையும் கடுமையையும் எடுத்துச் சொன்னார். கலீபா கோபப்படவில்லை. தூதுக் குழுவில் இப்படிப்பட்டவரே வர வேண்டும் என்று பாராட்டினார்கள். தொழுகின்றவர்களிடம் ஜிஸ்யா வாங்குவதை நிறுத்தும்படி குராஸானுக்கு உடனே எழுதினார்கள். அதனால் வருமானம் குறையும் என்று எகிப்திலிருந்து முறையிட்ட அதிகாரிக்கும் கண்டிப்பான பதில் போயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நேர்வழி காட்டவே அனுப்பப்பட்டார்கள், வரி வசூலிக்க அல்ல என்பது அப்பதிலின் சாரம்.

கூட்டத்தில் உரத்துப் பேசுபவர் சொல்வதுதான் எல்லாருடைய கருத்து என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவரிடம்தான் பல வேளைகளில் உண்மை இருக்கிறது. அவரைப் பேச வைப்பது தலைவருடைய கடமை.

உண்மை சொல்ல வருவோருக்கு வழிச் செலவும் கொடுத்தார்கள். ஹஜ்ஜுக்குக் கூடிய மக்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதி அனுப்பினார்கள். அநீதி ஒன்றைத் தீர்க்கவோ, பொது நன்மை ஒன்றைத் தெரிவிக்கவோ தம்மிடம் வருபவருக்குப் பயண தூரத்தைப் பொறுத்து 100 முதல் 300 தீனார் வரை வழங்கப்படும் என்பது அந்த அறிவிப்பு.

சந்தேகத்துக்குத் தண்டனை இல்லை

பஸராவின் ஆளுநர் அதீ பின் அர்தாத், பொதுப் பணத்தைக் கையாடிய அதிகாரிகளை அடித்து வாங்க அனுமதி கேட்டார். குபைபின் நினைவை நெஞ்சில் சுமந்தவர்கள் அதற்கு அனுமதி தருவார்களா? மனிதரை வதைப்பதற்குத் தம்மிடம் அனுமதி கேட்பதைக் கண்டு வியந்தார்கள். தம் அனுமதி அதீயை அல்லாஹ்விடமிருந்து காத்துவிடுமா என்று கேட்டெழுதினார்கள். சாட்சி இருந்தால் சாட்சியின்படி வாங்க வேண்டும். ஒப்புக் கொண்டால் ஒப்புதலின்படி வாங்க வேண்டும். மறுத்தால் சத்தியம் வாங்கிக் கொண்டு விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவர்கள் தங்கள் மோசடியோடு அல்லாஹ்வைச் சந்திப்பது, தாம் அவர்களுடைய இரத்தத்தோடு சந்திப்பதை விட மேல் என்பதே அவர்களுடைய முடிவு.

மோஸுல் நகரத்தில் அப்போது திருட்டு மிகுந்திருந்தது. அங்கே ஆளுநராகச் சென்ற யஹ்யா அல்கஸ்ஸானீ, சந்தேகத்தின் பேரில் பிடித்துத் தண்டிக்கலாமா என்று கேட்டு எழுதினார். சாட்சியத்தின்படி மட்டுமே நடக்க வேண்டும் என்றும், நியாயம் சீர்திருத்தாத மக்களை அல்லாஹ் சீர்திருத்தாமலே போகட்டும் என்றும் பதில் வந்தது. அப்படியே நடந்ததாகவும், தாம் மோஸுலை விட்டுப் புறப்படும்போது அது திருட்டு மிகக் குறைந்த நல்ல ஊர்களுள் ஒன்றாகிவிட்டதாகவும் யஹ்யாவே பின்னர் தெரிவித்திருக்கிறார்.

குராஸான் மக்களை வாளும் சாட்டையும்தான் திருத்தும் என்று எழுதிய ஜர்ராஹுக்கு, அது பொய், நீதியும் உரிமையும் அவர்களைத் திருத்தும் என்று மறுமொழி போயிற்று. ஹிஜ்ரி 100-ல் ஜர்ராஹ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மென்மை என்றால் கண்டும் காணாமல் இருப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்குக் காட்டாத செல்வாக்குள்ள தளபதி யஸீத் பின் முஹல்லபை அவர்கள் சிறையில் வைத்தார்கள். கீழே இருப்பவனை வதைக்கவில்லை. மேலே இருப்பவரை விட்டு வைக்கவும் இல்லை.

வாயற்ற ஜீவன்களின் உழைப்பும் அவர்கள் கண்ணில் பட்டது. எகிப்தில் ஒட்டகங்களின் மேல் 1,000 ராத்தல் வரை ஏற்றுவதாகக் கேள்விப்பட்டு, 600 ராத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று உத்தரவிட்டார்கள்.

சோர்ந்தவருக்கு ஆறுதல்

மைமூன் பின் மிஹ்ரான் என்ற அறிஞரை ஜஸீராப் பகுதியின் வரி வசூலுக்கும் நீதி விசாரணைக்கும் நியமித்திருந்தார்கள். சில நாளில் மைமூன் களைத்துப் போனார். தாம் வயோதிகர், பலவீனர், பொறுப்பு தமக்குப் பாரமாக இருக்கிறது, விடுவிக்க வேண்டும் என்று எழுதினார்.

கலீபா அவரைக் கடிந்து கொள்ளவும் இல்லை. உடனே விடுவித்துவிடவும் இல்லை. அவருடைய வேலையை அவருக்கே எளிதாக்கிக் காட்டினார்கள். சக்திக்கு மீறியதைத் தாம் கேட்கவில்லை. நியாயமான வரியை மட்டும் வசூலித்தால் போதும். தெளிவாகத் தெரிந்த வழக்குகளில் தீர்ப்பளிக்கலாம். குழப்பமானவற்றைத் தமக்கு அனுப்பிவிடலாம். பாரமாகத் தோன்றியதை எல்லாம் மக்கள் விட்டுவிட்டால் தீனும் நிற்காது, துன்யாவும் நிற்காது என்று முடித்தார்கள். மனம் தளர்ந்த ஊழியருக்கு இதைவிடச் சிறந்த கடிதம் உண்டா? தலைவர் அவருடைய சுமையில் பாரமான பாதியைத் தம் தோளுக்கு மாற்றிக் கொண்டார்கள்.

தம்மைக் கண்காணிக்க ஆட்கள்

பிறருக்குக் கண்காணிப்பு வைக்கும் தலைவர்கள் உண்டு. தமக்கே வைத்துக் கொண்டவர்கள் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்). தம் மெய்க்காவலர் தலைவர் அம்ர் பின் முஹாஜிரிடம், தாம் நேர்வழியிலிருந்து விலகுவதைக் கண்டால் சட்டையைப் பற்றி உலுக்கி, என்ன செய்கிறீர் என்று கேட்கும்படி சொல்லி வைத்தார்கள். முஸாஹிம் என்ற தம் பணியாளரையும் தம் பேச்சிலும் செயலிலும் பிழை கண்டால் எச்சரிக்கும்படி நியமித்தார்கள்.

எல்லாரையும் விடக் கண்டிப்பானவர் அவர்களுடைய இளைய வயது மகன் அப்துல் மலிக். ஸுலைமானை அடக்கம் செய்த களைப்பில் சிறிது கண்ணயரப் போன தந்தையிடம், மக்களின் பறிக்கப்பட்ட உரிமைகளைத் திருப்பிக் கொடுக்காமல் தூங்குவதா என்று அவர் கேட்டார். லுஹருக்குப் பின் செய்வதாகத் தந்தை கூறினார்கள். லுஹர் வரை உயிரோடு இருப்பதற்கு யார் உத்தரவாதம் என்று மகன் கேட்டார். தந்தை அவரை அருகில் அழைத்து நெற்றியில் முத்தமிட்டார்கள். தூங்காமல் எழுந்து சென்றார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திவிட வேண்டும் என்று அதே மகன் அவசரப்பட்டபோது தந்தை இணங்கவில்லை. மது கூடப் படிப்படியாகவே தடுக்கப்பட்டது என்பதை எடுத்துக் காட்டினார்கள். சத்தியத்தை ஒரே மொத்தமாக மக்கள் மேல் சுமத்தினால் அவர்கள் அதை ஒரே மொத்தமாக எறிந்துவிடுவார்கள் என்று தாம் அஞ்சுவதாகக் கூறினார்கள். கைக்குள் இருக்கும் நியாயத்தைத் தள்ளிப் போடாத அவசரமும், மனிதரின் பழக்கத்தை மாற்றுவதில் பொறுமையும் அவர்களிடம் சேர்ந்திருந்தன.

விளக்குக்கு எண்ணெய்

ஓர் இரவு ரஜா பின் ஹைவா அவர்களுடன் பேசிக் கொண்டிருந்தார். விளக்கு மங்கியது. பக்கத்தில் பணியாளர் தூங்கிக் கொண்டிருந்தார். அவரை எழுப்பட்டுமா என்று ரஜா கேட்டார். இப்போதுதான் கண்ணயர்ந்தார், வேண்டாம் என்றார்கள் கலீபா. தாமே எழுந்து செய்யட்டுமா என்றார் விருந்தாளி. விருந்தாளியிடம் வேலை வாங்குவது கண்ணியமாகாது என்று தடுத்துவிட்டு, தாமே எழுந்து சென்று எண்ணெய் ஊற்றித் திரியைச் சரி செய்துவிட்டு வந்து அமர்ந்தார்கள். எழுந்து போனபோதும் தாம் உமர்தான், திரும்பி வந்தபோதும் உமர்தான் என்று அமைதியாகக் கூறினார்கள். சிந்து முதல் ஸ்பெயின் வரை ஆண்டவர்களின் மதிப்பு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதால் ஒரு குன்றிமணியளவும் குறையவில்லை!

இறுதி நாட்கள்

மகன் அப்துல் மலிக், சகோதரர் ஸஹ்ல், பணியாளர் முஸாஹிம் மூவரும் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். தம்மைத் திருத்தி நடத்திய துணைகளை இழந்தபின்னும் அவர்கள் பொறுமையோடு பணியைத் தொடர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 101-ல் அவர்களும் நோயுற்றார்கள். விஷம் வைக்கப்பட்டது என்றும், வைத்தவர் அவர்களுடைய பணியாளர் ஒருவரே என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கலீபா அந்தப் பணியாளரை அழைத்து, இதைச் செய்யத் தூண்டியது எது என்று விசாரித்தார்கள். 1,000 தீனார் தந்ததையும், விடுதலை தருவதாக வாக்களித்ததையும் அவர் சொல்லிவிட்டார். அந்தப் பணத்தைக் கொண்டு வரச் செய்து பைத்துல் மாலில் சேர்த்தார்கள். பிறகு, யாரும் கண்டு கொள்ளாத இடத்துக்குப் போய்விடும்படி சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். தம் உயிரைப் பறித்தவரையும் பழி வாங்கவில்லை. குபைபின் மேல் சாட்டை விழ விட்ட கைகளா இவை என்று நம் உள்ளம் உருகுகிறது.

நோயின்போது பார்க்க வந்த மைத்துனர் மஸ்லமா, கலீபாவின் சட்டையைத் துவைக்கும்படி தம் சகோதரி பாத்திமாவிடம் சொன்னார். மாற்றிக் கொள்ள வேறு சட்டை இல்லை என்று அவர் பதிலளித்தார். ரஜப் மாதத்தில் (கி.பி. 720), சுமார் 40 வயதில், சிரியாவின் தைர் ஸிம்ஆனில் கலீபா வபாத்தானார்கள். புதிய கலீபாவான சகோதரர் யஸீத் பழைய நகையைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது, கணவர் வாழ்ந்தபோது கொடுத்துவிட்டதை அவர் இறந்தபின் வாங்கிக் கொள்வதற்கில்லை என்று பாத்திமா மறுத்துவிட்டார்.

அன்பான வாசகர்களே! நாம் பேரரசை ஆளவில்லை. ஆனால் நம் ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவராவது இருக்கிறார். மேலே ஒருவராவது இருக்கிறார். கீழே இருப்பவரின் கூலி அவருக்குப் போதுமானதா? கூட்டத்தில் வாய் திறக்காமல் இருக்கும் அவருடைய மனக்குறை என்ன? சந்தேகத்தின் பேரில் நாம் அவரை அவமானப்படுத்தியதுண்டா? களைத்துத் தூங்கும் அவரை ஒரு டம்ளர் தண்ணீருக்காக எழுப்புகிறோமா? மேலே இருப்பவர் அநியாயம் ஒன்றைச் செய்யச் சொன்னால் நம் கை துணிகிறதா, தயங்குகிறதா? இன்று இரவு விளக்கை அணைக்கு முன் இந்தக் கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக் கொள்வோம்.

வல்ல அல்லாஹ், நம் பொறுப்பில் விடப்பட்டவர்களுக்கு நீதி செய்யும் தவ்பீக்கை நம்மனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.